ஹார்லி-டேவிட்சன் கைவிட்ட ஸ்போர்ட்ஸ் பைக்

2009 அக்டோபர் 15 அன்று ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் மூன்றாம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. லாபம் 2 கோடியே 65 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் கிடைத்ததைவிட 84 சதவீதம் குறைவு. கணக்கோடு சேர்ந்து இரண்டு முடிவுகளும் வந்தன. ஓராண்டுக்கு முன்புதான் வாங்கிய இத்தாலிய நிறுவனமான எம்வி அகுஸ்டாவை விற்கப்போகிறார்கள். ஸ்போர்ட்ஸ் பைக் தயாரித்துவந்த பியூயெல் பிரிவை அடியோடு மூடப்போகிறார்கள். பியூயெலைத் தொடங்கிய எரிக் பியூயெலே ஒரு வீடியோவில் தோன்றி அந்தச் செய்தியைச் சொன்னார். குரல் தழுதழுத்தது. நடுவில் நிறுத்தி, தன்னைத் தேற்றிக்கொண்டு, கூட உழைத்தவர்களுக்கும் பைக் வாங்கியவர்களுக்கும் நன்றி சொன்னார். அவருடைய பைக் ஒரு அமெரிக்க தேசியப் பந்தயத் தொடரில் சாம்பியன் பட்டம் வென்று சில வாரங்களே ஆகியிருந்தன.

ஜெயித்த கையோடு கடையைச் சாத்திய கதை என்று இதைப் பலரும் சொல்வதுண்டு. அந்த ஆண்டு உலகெங்கும் இருந்த பண நெருக்கடியே காரணம் என்பதும் வழக்கமான விளக்கம். நெருக்கடி உண்மைதான். ஆனால் ஹார்லிக்குள் க்ரூஸருக்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கும் நடந்த இழுபறி அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் க்ரூஸரே வென்றது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்குச் சொந்தமாக ஒரு எஞ்சினையோ, சொந்தமாக ஒரு ஷோரூமையோ அந்த நிறுவனம் மனதார ஒதுக்கிக் கொடுத்ததில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தோற்றத்தில் மட்டும் இல்லை. க்ரூஸரில் இருக்கை தாழ்வாக இருக்கும், கால் முன்னால் நீளும், ஹேண்டில்பார் கைக்கு எட்ட வந்து நிற்கும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நேரான நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போகலாம். அதற்கு வேண்டியது குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் உடம்பு முன்னால் சாயும், ஃபுட்ரெஸ்ட் பின்னாலும் உயரத்திலும் இருக்கும், வளைவில் வண்டி சாயும்போது தரையில் எதுவும் உரசக் கூடாது. அதற்கு வேண்டியது குறைந்த எடை, அதிகச் சுழற்சி, கடினமான ஃப்ரேம். ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வின் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் தண்டுகளும் ஒரே கிராங்க் பின்னில் ஓடுகின்றன. 'பொட்டேட்டோ, பொட்டேட்டோ' என்று ரசிகர்கள் செல்லமாகச் சொல்லும் அந்தச் சீரற்ற ஓசை அங்கிருந்துதான் பிறக்கிறது. அதிர்வும் அங்கிருந்துதான். முதல் வகை வண்டிக்கு அந்த எஞ்சின் உயிர்நாடி. இரண்டாம் வகைக்குப் பெரும் சுமை.

ஹார்லிக்குப் பந்தயம் புதிதல்ல. 1914இல் தனிப் பந்தயப் பிரிவு தொடங்கினார்கள். பலகைத் தளம் போட்ட வட்டத் தடங்களில் அவர்களுடைய அணி எதிரிகளைத் துவம்சம் செய்தது. 1921 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் ஓடி ஒரு ஹார்லி பந்தயம் வென்றது. அதே ஆண்டின் முடிவில், செலவு தாங்கவில்லை என்று நிறுவனம் அந்த அணியைக் கலைத்தது. பிறகு பல பத்தாண்டுகள் மண் தடப் பந்தயங்களில் கொடிகட்டிப் பறந்தார்கள். தார்த் தடத்திலும் கால் ரேபர்ன் 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் டேட்டோனா 200 பந்தயத்தை ஹார்லியில் வென்றார். 1974 முதல் 1976 வரை வால்டர் வில்லா 250 சிசி உலகப் பட்டத்தை மூன்று முறை ஹார்லி-டேவிட்சன் பெயர் தாங்கிய பைக்கில் வென்றார் என்பது இன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பைக். ஹார்லியின் சொந்த ஊரான மில்வாக்கியில் பிறந்ததும் அல்ல. இத்தாலியின் வரேசே ஏரிக்கரையில் இருந்த ஏர்மாக்கி ஆலையில் 1960இலேயே ஹார்லி பங்கு வாங்கியிருந்தது. அங்கே உருவானவை அந்தப் பைக்குகள். 1978இல் அந்த ஆலையை காஸ்டிலியோனி சகோதரர்களுக்கு விற்றுவிட்டார்கள். அவர்கள் அங்கே கஜீவா என்ற பெயரில் பைக் செய்யத் தொடங்கினார்கள். இந்த ஆலை மறுபடியும் கதைக்குள் வரும்.

1981இல் வில்லி ஜி. டேவிட்சன் உள்ளிட்ட 13 நிர்வாகிகள் கடன் வாங்கி, ஏஎம்எஃப் குழுமத்தின் பிடியிலிருந்து ஹார்லியை மீட்டார்கள். நிறுவனம் அப்போது மூழ்கும் நிலையில் இருந்தது. 1983இல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட வெளிநாட்டு பைக்குகளின் மீது இருந்த 4.4 சதவீத வரியை 49.4 சதவீதமாக உயர்த்தியது. மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் ஹார்லி எடுத்த முடிவுதான் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானித்தது. போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கிவந்த, தண்ணீரால் குளிரும் நவீன வி-4 எஞ்சின் திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, பழைய காற்றுக்குளிர் வி-ட்வினையே சீர்செய்து 'எவல்யூஷன்' என்ற பெயரில் 1984இல் கொண்டுவந்தார்கள். எண்ணெய் ஒழுகாத, நம்பி வெளியூர் போகக்கூடிய ஹார்லி கிடைத்தது. 1983இல் தொடங்கிய ஹார்லி ஓனர்ஸ் குரூப் வாங்கியவர்களை ஒரு குடும்பம்போல் கட்டிப்போட்டது. வாங்கியவர்கள் வண்டியோடு நிற்கவில்லை. ஜாக்கெட், பூட்ஸ், குரோமியம் பூசிய உதிரிகள் என்று டீலரிடம் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு மாடல் பத்து ஆண்டு பெரிய மாற்றம் இல்லாமல் ஓடும். ஸ்போர்ட்ஸ் பைக்கோ அந்தக் காலத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஜப்பானியப் போட்டியாளர் முந்திவிடுவார். காசைப் பார்ப்பவருக்கு எது லாபம் என்பதில் குழப்பமே இருந்திருக்காது.

இந்தச் சூழலில்தான் எரிக் பியூயெல் வருகிறார். பென்சில்வேனியாக்காரர், பந்தய வீரர், இரவுக் கல்லூரியில் படித்துப் பொறியியல் பட்டம் வாங்கி 1979இல் ஹார்லியில் சேர்ந்தார். சொந்தமாகப் பந்தய பைக் செய்ய வேண்டும் என்ற ஆசையில் சில ஆண்டுகளில் வேலையை விட்டார். ஆர்டபிள்யூ750 என்ற நான்கு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கைச் செய்து முடித்து விற்கத் தொடங்கிய வேளையில், அமெரிக்கப் பந்தயச் சங்கம் அந்த பைக் ஓட வேண்டிய ஃபார்முலா ஒன் பிரிவையே 1985 தொடரோடு நிறுத்துவதாக அறிவித்தது. வாங்க ஆளே இல்லாத பைக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஹார்லியிடம் மிஞ்சிக் கிடந்த எக்ஸ்ஆர்1000 எஞ்சின்களை வாங்கி, தானே வடிவமைத்த ஃப்ரேமில் பொருத்தி, 1987இல் ஆர்ஆர்1000 என்று ஒரு பைக்கைக் கொண்டுவந்தார். 50 வண்டிகள் செய்தார்கள், எஞ்சின் தீர்ந்துபோனது. பிறகு ஸ்போர்ட்ஸ்டர் க்ரூஸரின் 1200 சிசி எஞ்சினுக்கு மாறினார். 1993இல் ஹார்லி அவருடைய நிறுவனத்தில் 49 சதவீதப் பங்கை வாங்கியது. 1998இல் அது 98 சதவீதமானது. பணம் வந்தது, ஹார்லியின் ஷோரூமில் இடம் வந்தது. அந்த எஞ்சினும் கூடவே வந்தது.

பியூயெலின் அருமை அங்கேதான் தெரிகிறது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஒவ்வாத எஞ்சினை வைத்துக்கொண்டு, எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் புதிதாக யோசித்தார். அதிரும் எஞ்சினை ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டால் அதிர்வு ஓட்டுநருக்கு வராது. ஆனால் ஃப்ரேம் தளர்ந்துபோகும். அதனால் சிறு தண்டுகளால் பிணைத்து, எஞ்சின் மேலும் கீழும் மட்டும் ஆடும்படி, பக்கவாட்டில் இம்மியும் அசையாதபடி செய்தார். அதிர்வும் அடங்கியது, எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பாகமாகி வண்டிக்கு வலுவும் கொடுத்தது.

2002இல் வந்த எக்ஸ்பி9ஆர் ஃபயர்போல்ட்டின் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அவருடைய மூளை எப்படி ஓடியது என்பது கண்ணுக்கே தெரியும். பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது காற்று வடிகட்டியை மூடும் வெறும் மூடி. பெட்ரோல் இருப்பது இரண்டு பக்கமும் ஓடும் தடித்த அலுமினியம் ஃப்ரேமுக்குள்ளே. கிட்டத்தட்ட 14 லிட்டர். எஞ்சின் ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்புறமே ஆயில் டேங்க். சைலன்ஸர் பக்கவாட்டில் நீளாமல் எஞ்சினின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். முன்சக்கரத்தில் பிரேக் டிஸ்க் நடுவில் இல்லை. 375 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை டிஸ்க் சக்கர விளிம்பிலேயே பொருத்தப்பட்டு, ஆறு பிஸ்டன் கேலிப்பர் அதை உள்பக்கமிருந்து கவ்வும். வழக்கமான பைக்கில் பிரேக் பிடிக்கும் விசை அச்சிலிருந்து ஆரக்கால்கள் வழியாக விளிம்புக்குப் போக வேண்டும். ஆரக்கால்கள் அதைத் தாங்கும் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். இங்கே விசை நேராக விளிம்புக்கே போகிறது. ஆரக்கால்கள் மெலியலாம், ஒரு டிஸ்க் மிச்சம், முன்சக்கரம் இலேசாகும். எடையெல்லாம் வண்டியின் நடுவுக்கும் தரைக்கு அருகிலும் வந்துவிட்டது. சக்கரங்களின் இடைவெளி 1,320 மில்லிமீட்டர்தான். அக்கால 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குகளைவிடக் குறைவு.

இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த 984 சிசி எஞ்சின் கொடுத்தது 92 குதிரைத்திறன். ஜப்பானிய 600 சிசி எஞ்சின்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மலைப்பாதை வளைவுகளில் ஃபயர்போல்ட்டைப் பிடிப்பது கடினம் என்று ஓட்டியவர்கள் மெச்சினார்கள். நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஹார்லியிடம் வேறு எஞ்சினே இல்லையா என்று கேட்டால், இருந்தது. பியூயெல் பிரிவு ஒருபுறம் நடக்கும்போதே, ஹார்லி தன் சொந்தப் பெயரில் ஒரு சூப்பர்பைக்கையும் பந்தயத்துக்கு அனுப்பியது. விஆர்1000 என்ற அந்த பைக்கின் வேலை 1980களின் இறுதியில் தொடங்கியது. 996 சிசி, 60 டிகிரி வி-ட்வின், தண்ணீர்க் குளிர்ச்சி, ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் இரட்டை கேம் தண்டு, மின்னணு எரிபொருள் செலுத்தல். பழைய ஹார்லியின் ஒரு திருகாணிகூட அதில் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் புதியது. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் ஆரஞ்சு வண்ணம் பூசி, 1994 மார்ச்சில் டேட்டோனாவில் இறக்கினார்கள். சூப்பர்பைக் விதிப்படி, பந்தயத்தில் ஓடும் பைக்கைச் சாலையில் ஓட்டும் வண்டியாகவும் விற்க வேண்டும். அமெரிக்கப் புகை, ஒலி விதிகளுக்கு அது பொருந்தவில்லை. அதனால் போலந்தில் பதிவு பெற்று, 50 வண்டிகளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 49,500 டாலருக்கு விற்றார்கள். சொந்த நாட்டுச் சாலையில் ஓட்ட முடியாத அமெரிக்க சூப்பர்பைக் அது.

வரைபடத்திலிருந்து தடத்துக்கு வரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டதுதான் அதன் சாபம். அதே 1994இல் டுகாட்டி 916 வந்தது. மற்ற நிறுவனங்களும் ஆண்டுக்காண்டு சக்தியைக் கூட்டிக்கொண்டே போயின. மிகேல் டுஹாமெல், கிறிஸ் கார், பாஸ்கல் பிகாட், டேட்டோனா 200ஐ ஐந்து முறை வென்ற ஸ்காட் ரஸ்ஸல் என்று நல்ல வீரர்கள் அதில் ஏறினார்கள். கிறிஸ் கார் ஒருமுறை தொடக்க வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தார்; பிகாட் மேடை ஏறினார். ஆனால் எட்டுத் தொடர்களில் ஒரு சூப்பர்பைக் பந்தயத்தைக்கூட விஆர்1000 வெல்லவில்லை. 2001 தொடரோடு நிறுத்திவிட்டார்கள்.

அதே 2001 கோடையில் ஹார்லி வேறொரு வண்டியைத் திரைவிலக்கியது. வி-ராட். நீளமான, தாழ்வான, வெள்ளிபோல் மின்னும் க்ரூஸர். அதன் உள்ளே விஆர்1000இன் வழிவந்த 60 டிகிரி எஞ்சின், போர்ஷேயின் துணையோடு 1,130 சிசியாக வளர்க்கப்பட்டு, 115 குதிரைத்திறனோடு உட்கார்ந்திருந்தது. பந்தயத்துக்காகப் பிறந்த எஞ்சின் பந்தயத்தை விட்டு க்ரூஸருக்குப் போனது. கையில் இருந்த ஒரே நவீன எஞ்சின் அது. க்ரூஸருக்கென்று வளர்த்ததில் அது பருத்துக் கனத்துவிட்டது. குறுகிய, இலேசான ஸ்போர்ட்ஸ் பைக்குக்குள் நுழையும் வடிவில் இல்லை. சில மாதங்கள் கழித்து ஃபயர்போல்ட் ஷோரூமுக்கு வந்தபோது அதில் இருந்தது மறுபடியும் ஸ்போர்ட்ஸ்டரின் காற்றுக்குளிர் எஞ்சின்தான். இந்த நிறுவனத்தின் மனம் எங்கே இருந்தது என்பதை இந்த ஒரு முடிவே காட்டிக்கொடுக்கிறது. 2009இல் நடந்தது அதன் தொடர்ச்சி.

விற்பனை இன்னொரு சிக்கல். பியூயெல் பைக் ஹார்லி டீலர்களிடம் மட்டுமே கிடைத்தது. குரோமியமும் தோல் ஜாக்கெட்டும் நிறைந்த கடைக்குள், 25 வயதுப் பையன் ஸ்போர்ட்ஸ் பைக் தேடி நுழைவது அரிது. நுழைந்தாலும், சஸ்பென்ஷனை எப்படித் திருத்துவது, எந்த டயர் பொருந்தும் என்று பேச அங்கே ஆள் இருப்பது அதைவிட அரிது. ஒரு ஹார்லி விற்றால் பின்னாலேயே உதிரிகளும் உடைகளும் விற்கும்; பியூயெல் விற்றால் பைக் மட்டும் விற்கும். டீலர் எதை வாசலில் நிறுத்துவார், எதைச் சுவரோரம் தள்ளுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதியவர்களை இழுக்க 2000இல் ப்ளாஸ்ட் என்ற 492 சிசி ஒற்றைச் சிலிண்டர் பைக்கைக் கொண்டுவந்தார்கள். ஹார்லியின் ஓட்டுநர் பயிற்சி வகுப்புகளில் ஆயிரக்கணக்கானோர் அதில்தான் முதன்முதலாக கிளட்ச் பிடித்துப் பழகினார்கள். பழகியவர்கள் வெளியே வந்து பெரும்பாலும் ஹார்லி வாங்கினார்கள். 2009 கோடையில் ப்ளாஸ்டை நிறுத்தியபோது, அதை நசுக்கிக் கட்டியாக்கிய படத்தைப் போட்டு பியூயெலே விளம்பரம் செய்தது. இனி முழுமூச்சாக ஸ்போர்ட்ஸ் பைக் என்பது அதன் பொருள். மூன்று மாதத்தில் பியூயெலே இல்லாமல் போனது.

அந்த முழுமூச்சுக்குக் காரணம் 1125ஆர். 2007 ஜூலையில் அறிமுகமானது. கடைசியில் ஒருவழியாக எரிக் பியூயெலுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் எஞ்சின் கிடைத்தது. அதுவும் ஹார்லியிடமிருந்து அல்ல, ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்திடமிருந்து. 1,125 சிசி, 72 டிகிரி வி-ட்வின், தண்ணீர்க் குளிர்ச்சி, 146 குதிரைத்திறன். முதல் வண்டிகளில் குறைந்த வேகத்தில் எரிபொருள் செலுத்தல் திக்கித் திணறியது என்று பத்திரிகைகள் குறை கூறின; இரண்டு பக்கமும் புடைத்திருந்த ரேடியேட்டர் உறைகளின் அழகையும் பலர் ஒப்பவில்லை. ஆனால் தடத்தில் அது ஓடியது. 2009இல் அமெரிக்க டேட்டோனா ஸ்போர்ட்பைக் தொடரில் ஓக்லஹோமாக்காரரான டேனி எஸ்லிக் 1125ஆரில் பட்டம் வென்றார். 600 சிசி நான்கு சிலிண்டர் பைக்குகளோடு 1,125 சிசி இரட்டைச் சிலிண்டரை எப்படி ஓடவிடலாம் என்று எதிரணிகள் சண்டைபோட்டன. விதி அனுமதித்தது, சர்ச்சை ஓயவில்லை. அந்தச் சர்ச்சையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், எஞ்சின் கிடைத்த இரண்டாம் ஆண்டே பட்டம் வந்துவிட்டது என்பது மிஞ்சுகிறது. பதினான்கு ஆண்டு ஹார்லியின் பிடியில் இருந்த பிறகு கிடைத்த எஞ்சின் அது.

நெருக்கடி அதற்குள் கழுத்துக்கு வந்துவிட்டது. ஹார்லி பைக் மட்டும் விற்கவில்லை. வாங்குபவருக்குக் கடனும் கொடுத்தது. அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றுப் பணம் திரட்டி, அடுத்த கடனைக் கொடுப்பதுதான் வழக்கம். 2008 இலையுதிர்காலத்தில் அந்தச் சந்தை உறைந்தது. 2009 பிப்ரவரியில் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனத்திடம் 15 சதவீத வட்டிக்கு 30 கோடி டாலர் கடன் வாங்க வேண்டிவந்தது. 15 சதவீதம் என்பது திக்கற்றவன் கொடுக்கும் வட்டி. மே மாதம் கீத் வாண்டெல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். வாகன உதிரிப்பாகத் துறையிலிருந்து வந்த வெளியாள். கையிலிருக்கும் பணத்தை ஹார்லி-டேவிட்சன் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் குவிப்பது என்று முடிவெடுத்தார்.

எண்கள் அவர் பக்கம் இருந்தன. 2008இல் ஹார்லி ஏறத்தாழ 3 லட்சம் பைக் அனுப்பியது. பியூயெல் சுமார் 13 ஆயிரம். தொடங்கிய காலம் முதல் மூடும்வரை பியூயெல் செய்தது மொத்தமே 1,35,000 சொச்சம். மூடுவதற்கு ஒருமுறைச் செலவாக சுமார் 12.5 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சுமார் 180 பேர் வேலை இழந்தார்கள். விற்றிருக்கலாமே என்ற கேள்வி அன்றே எழுந்தது. பியூயெலின் விற்பனை, சர்வீஸ், உதிரிகள் எல்லாம் ஹார்லியின் டீலர் அமைப்போடு பின்னிக்கிடந்தன. பிரித்து விற்பது ஆகாது என்றார்கள். சொந்த ஷோரூம் கொடுக்காமல் வளர்த்த பிள்ளையைத் தனியாக நிற்கத் தெரியவில்லை என்று கைவிட்டார்கள் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் 30 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஈஸ்ட் டிராய் ஆலையிலிருந்து கடைசி பைக் வெளியே வந்தது.

எம்வி அகுஸ்டாவின் கதை இன்னும் விசித்திரம். 2008 ஆகஸ்டில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஹார்லி அதை 7 கோடி யூரோவுக்கு வாங்கியது. கடன்களையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, புதிய மாடல்களுக்குப் பணம் போட்டது. 2010 ஆகஸ்டில் பழைய உரிமையாளர் கிளாடியோ காஸ்டிலியோனிக்கே வெறும் 3 யூரோ என்ற பெயரளவு விலைக்கு விற்றது. போதாததற்கு, நிறுவனத்தை நடத்த 2 கோடி யூரோவைக் கையில் கொடுத்தும் அனுப்பியது. எம்வி அகுஸ்டாவின் ஆலை இருக்கும் இடம் வரேசே ஏரிக்கரை. 1978இல் ஹார்லி காஸ்டிலியோனி குடும்பத்துக்கு விற்ற அதே ஏர்மாக்கி ஆலை. முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வாங்கி, இரண்டே ஆண்டில் அதே குடும்பத்துக்கு மறுபடி விற்றார்கள்.

வாண்டெலின் முடிவு தவறா? அன்றைய கணக்குப் புத்தகத்தில் தவறில்லை. ஹார்லி பிழைத்தது, லாபத்துக்குத் திரும்பியது. ஆனால் க்ரூஸர் வாங்கும் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போனது. 2014க்குப் பிறகு ஹார்லி அனுப்பிய பைக்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கியது. இளைஞர்களை உள்ளே அழைக்க ஒரு வாசல் வேண்டும் என்று தேடியபோது, ஏற்கெனவே இருந்த வாசலைச் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள்.

எரிக் பியூயெல் ஓயவில்லை. 2009 நவம்பரிலேயே, அதே ஈஸ்ட் டிராயில், எரிக் பியூயெல் ரேசிங் என்று புதிதாகத் தொடங்கினார். ரோட்டாக்ஸ் எஞ்சினை 1,190 சிசியாக்கி சூப்பர்பைக் செய்தார். இங்கே இந்தியா வருகிறது. ஹோண்டாவிடமிருந்து பிரிந்து, சொந்தமாகத் தொழில்நுட்பம் தேடிக்கொண்டிருந்த ஹீரோ மோட்டோகார்ப், அவரோடு 2012இல் கைகோத்து, 2013இல் 2.5 கோடி டாலருக்கு 49.2 சதவீதப் பங்கு வாங்கியது. 2014 டெல்லி வாகனக் கண்காட்சியில் அந்தக் கூட்டின் விளைவான எச்எக்ஸ்250ஆர் பைக்கைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஹீரோவின் பெயர் தாங்கி அவருடைய பைக்குகள் உலக சூப்பர்பைக் தொடரிலும் ஓடின. 2015 ஏப்ரலில் பணம் தீர்ந்து நிறுவனம் நின்றது. எச்எக்ஸ்250ஆர் கடைக்கு வரவே இல்லை. பியூயெல் என்ற பெயர் கைமாறி, 2021இல் மிஷிகன் மாநிலத்தில் வேறு உரிமையாளர்களால் மீண்டும் எழுந்திருக்கிறது.

ஹார்லியில் அதே நாடகம் இன்னொரு முறை நடந்தது. 2018இல் அப்போதைய தலைவர் மேட் லெவாடிச் க்ரூஸருக்கு அப்பாலும் போவோம் என்று பெரிய திட்டம் அறிவித்தார். அட்வென்ச்சர் பைக், மின்சார பைக், ப்ராங்க்ஸ் என்ற ஸ்ட்ரீட்ஃபைட்டர். 2019 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ப்ராங்க்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2020இல் தலைமை மாறி ஜோகன் ஸைட்ஸ் வந்ததும் மறுபடி க்ரூஸர், டூரிங் வண்டிகள் என்ற பழைய பலத்துக்கே திரும்பினார்கள்; ப்ராங்க்ஸ் கைவிடப்பட்டது. ஹரியானாவின் பாவல் ஆலையை மூடியதும் அதே ஆண்டு. இந்திய விற்பனையை ஹீரோவிடமே ஒப்படைத்தார்கள்; அந்த ஒப்பந்தத்திலிருந்துதான் 2023இல் எக்ஸ்440 வந்தது. முந்தைய திட்டத்தில் தப்பிப் பிழைத்தது பான் அமெரிக்கா அட்வென்ச்சர் பைக். அதிலுள்ள 1,252 சிசி எஞ்சின் தண்ணீரில் குளிரும் 60 டிகிரி வி-ட்வின். விஆர்1000இல் தேர்ந்தெடுத்த அதே கோணம்.

பந்தயத்துக்கும் ஹார்லி திரும்பியது, க்ரூஸரின் உறவுக்கார வண்டியோடு. 2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லகுனா சேகா தடத்தில் 'கிங் ஆஃப் தி பேகர்ஸ்' என்று ஒரு பந்தயம் நடந்தது. பேகர் என்றால் முன்னால் பெரிய காற்றுத்தடுப்பும், பின்னால் இரண்டு பக்கமும் கடினமான சாமான் பெட்டிகளும் கொண்ட நெடுந்தூர வண்டி. முதல் போட்டியை வென்றது இந்தியன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் பைக். அதைப் பார்த்துக்கொண்டிருக்க மில்வாக்கியால் முடியவில்லை. அடுத்த ஆண்டே ஹார்லி தன் சொந்தத் தொழிற்சாலை அணியை இறக்கியது, கைல் வைமன் ரோட் க்ளைடில் பட்டம் வென்றார். 280 கிலோ அளவுக்குக் கனக்கும் அந்த வண்டிகள் வளைவில் முழங்கை தரையைத் தொடும் அளவுக்குச் சாய்கின்றன. பெட்டிகளைக் கழற்ற விதி இடம்கொடுக்காது. அவை உரசாமல் இருக்க வண்டியையே உயரத் தூக்கிக் கட்டுகிறார்கள். காலியான அந்தப் பெட்டிகளைச் சுமந்தபடி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள்.